பன்னிரண்டில் பதினொன்று என் கை வேலை

லால்குடி பக்கம் மூன்று அரிசி ஆலைகளில் நெல் ஊறும் தொட்டிகள் நான் கட்டியவை. முசிறியில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வாசல் கேட், பதினாறு அடி, ஒற்றை விரலால் தள்ளினால் திறக்கும், அதுவும் நான்தான். திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலைக்குப் போகும் புகைக்குழாய்களில் எத்தனையோ வளைவுகள் என் பட்டறையில் பிறந்தவை. ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். இறங்கினேன்; இறங்கியவன் அப்படியே பள்ளிக்கூடத்தை விட்டே இறங்கிப் போய்விட்டேன். அதன்பிறகு எனக்குக் கோணம் பார்க்கச் சொல்லிக்கொடுத்த ஆள் யாருமில்லை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் இரண்டு மாடி வீடு கட்டியிருக்கிறேன். அதன் மாடிப்படிக் கைப்பிடியில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன் என்று இன்றுவரை ஒரு இன்ஜினீயரும் கண்டுபிடிக்கவில்லை. (இரண்டு பேர் தடவிப் பார்த்துத் தோற்றுப்போனார்கள்.)

இதையெல்லாம் கட்ட எனக்கு நாற்பத்தைந்து வருஷம் ஆனது. என் மருமகள் புவனா ஆறு வருஷமாகக் கட்டியதை இடிக்க முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆனது. வேகத்தில் எனக்கு எப்போதும் குறை வந்ததில்லை.

என் வியாதி என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை சும்மா இருக்காது. ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தால் நாற்காலி ஆணியை முடுக்குவேன். பஸ் ஸ்டாண்டில் நின்றால் கம்பியின் துருவைச் சுரண்டுவேன். அதிலும் கருப்பைக் கண்டால் பொறுக்கவே பொறுக்காது. எவர்சில்வரை ஒட்டினால் ஒட்டின இடம் நீலமும் கருப்புமாக வெந்துபோகும். அதை ஆசிட் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, பாலிஷ் வீலில் பிடித்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கினால்தான் சரக்கைப் பார்க்க வரும் ஆபீசர் கையெழுத்துப் போடுவார். அதனால் என் பட்டறையில் ஒரே ஒரு சட்டம். கருப்போடு எந்த வேலையும் கேட்டைத் தாண்டக் கூடாது.

இந்தச் சட்டத்தை ஒருமுறை வீட்டிலும் அமல்படுத்தினேன். என் மனைவி தனம் இருபது வருஷமாகத் தோசை வார்த்த கல் ஒன்று அட்டக்கரியாக இருந்தது. அவள் சமயபுரம் போயிருந்த நேரம் பார்த்து அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் தோசை முழுசாகக் கல்லை விட்டு எழுந்ததில்லை.

"கருப்புன்னா அழுக்குன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?" என்றாள் தனம். "அதுல பாதி கருப்பு நான் போட்ட எண்ணெய். அதுதாங்க கல்லு. நீங்க எடுத்தது கல்லை. விட்டு வெச்சது இரும்பை."

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. படிப்பு இருந்தால் உறைத்திருக்குமோ என்னவோ.

இனி புவனாவின் கதை. என் மகன் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடல். அவள் எங்களோடு ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு, ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"கார் புகை, அடுப்புப் புகையில எல்லாம் கார்பன் மோனாக்ஸைடுன்னு ஒரு வாயு வரும் மாமா. வாசனை கிடையாது, கலர் கிடையாது, ஆளைக் கொன்னுடும். அதைக் காத்துல இருக்கற ஆக்ஸிஜனோட சேர்த்துட்டா அந்த விஷம் போயிடும். ஆனா சும்மா சேராது. நடுவுல ஒருத்தர் வேணும். அவர்தான் என் பூச்சு. எவர்சில்வர் தகட்டு மேல கோபால்ட் ஆக்ஸைடு பூசி வெச்சுருக்கேன். கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுட்டு, தான் வந்தபடியே எழுந்து போயிடும்."

"தரகர் சாப்பிடாம எழுந்து போய் நான் பார்த்ததில்லையேம்மா."

"இவர் சாப்பிடமாட்டார் மாமா. அதுக்குத்தான் பட்டம் கேக்கறேன்."

"பூச்சு எவ்வளவு கனம்?"

"ஒரு தலைமுடியை இருநூறாப் பிளந்தா அதுல ஒரு பங்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு மெல்லியதை வைத்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும்? நான் பத்து மில்லிமீட்டர் பிளேட்டுக்குக் குறைந்து யோசிக்காத ஆள். ஆனாலும் அவளுக்கு வேண்டிய சூளைக்குழாயை நான்தான் செய்துகொடுத்தேன். உள்ளே தகட்டை வைத்துச் சூடாக்கி, ஒரு முனையில் வாயுவை விட்டு, மறுமுனையில் எவ்வளவு மிச்சம் வருகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரு குமிழி வராது. (இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.)

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, அவளுடைய கடைசித் தேர்வு. வாய்மொழித் தேர்வு என்பார்கள். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார். சோதனையைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். தேறிவிட்டால் அன்றே பரிந்துரை. இல்லையென்றால் மறுபடி செய்து கொண்டுவா என்று திருப்பிவிடுவார். அதற்கு இன்னொரு வருஷம். இதற்கிடையில் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கல்லூரி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது, அந்த மாதக் கடைசிக்குள் பட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆக, அந்த ஒரு மத்தியானத்தில் ஆறு வருஷமும் ஒரு வேலையும் தொங்கிக்கொண்டிருந்தன.

சூளைக்குள் தகடுகளை நிறுத்தி வைக்கும் சட்டம் சூட்டில் கோணிவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும். புதன்கிழமை சாயங்காலம், தகடுகள் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள, ஆறு தகடுகளையும் மெல்லிய காகிதத்தில் சுற்றி ஒரு டிபன் டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். விரல் நீளம், இரண்டு விரல் அகலம். பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்துச் சூளையில் வேகவைத்து, மறுபடி முக்கி மறுபடி வேகவைத்து, மூன்று வாரம் செய்தவை. இரண்டு பக்கமும் கரிக்கருப்பு.

"மாமா, கை படக்கூடாது. விரல் எண்ணெய் பட்டாலே கெட்டுப்போயிடும்."

"படாதும்மா. நீ நிம்மதியா இரு."

கை படவேயில்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். கையுறை போட்டுக்கொண்டுதான் பாலிஷ் போட்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். எட்டு மணிக்குச் சட்டம் தயார். ஆறு பள்ளம், ஆறு தகடு, இம்மி ஆடாது. புவனா வர பத்து மணி ஆகும். ஒன்பது மணிக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள். நடுவில் ஒரு மணி நேரம். என் கை இருக்கிறதே, அதற்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.

டீ குடித்தேன். நடந்தேன். சட்டத்தை இன்னொருமுறை துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் சட்டம் வெள்ளிபோல் மின்னியது. உள்ளே நின்ற ஆறும் அடுப்புக்கரி. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டு முகம் கழுவ மறந்த மாதிரி. சென்னையிலிருந்து ஒரு பெரிய மனுஷர் வருகிறார், என் பட்டறைச் சரக்கை முதன்முதலில் பார்க்கப் போகிறார், கருப்போடு அனுப்பவா? சூளையில் வெந்த கருப்பு என்று அவளே சொன்னாளே. வெந்த கருப்பை எடுப்பதுதானே என் தொழில்? பூச்சு என்று அவள் சொன்னது இந்தக் கருப்புக்கு அடியில் எங்கோ பத்திரமாக இருக்கும் என்று என் புத்தி எனக்குச் சொன்னது. நான் இதுவரை பார்த்த பூச்செல்லாம் பெயின்ட். பிரைமர் அடியில், அதன்மேல் இரண்டு கோட்டு. தலைமுடியில் இருநூறில் ஒரு பங்கு என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை.

பாலிஷ் வீல் சுவிட்சைப் போட்டேன். பட்டறையில் இருபது வருஷமாக என்னோடு இருக்கும் அந்தோணி எட்டிப் பார்த்தான்.

"முதலாளி, அது புவனா பாப்பா வேலை. ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன்."

"நீ எவர்சில்வர்ல கை வெச்சு எத்தனை வருஷம்?"

"உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

"அப்போ எனக்கே சொல்லித்தர்றியா?"

"நான் சொல்லலை. மாதாவே பார்த்துக்கட்டும்" என்று அந்தோணி கேஸ் கட்டிங் பக்கம் போய்விட்டான்.

பாலிஷ் மருந்தான பச்சை சோப்பை வீலில் தடவி முதல் தகட்டைப் பிடித்தேன். அடடா! இரண்டு நொடியில் கருப்பு போய், உள்ளே என் மீசை தெரிந்தது. இவ்வளவு சுலபமாக வந்த கருப்பை நான் ஆயுளில் பார்த்ததில்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். நான் பெருமைப்பட்டேன். ஒவ்வொரு தகட்டையும் இரண்டு பக்கமும் விளிம்போடு, மூலையோடு, ஒரு புள்ளி விடாமல் எடுத்தேன். ஐந்து முடிந்தது. ஆறாவது தகட்டில் ஒரு பக்கம் முடித்துத் திருப்பும்போது, வீல் முனகியது, மெதுவானது, நின்றது. கரண்ட் போய்விட்டது. ஒன்பது மணி.

பத்து மணிக்குப் புவனா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சட்டத்தை அவள் முன்னால் தூக்கிக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்த பெயின்ட் டின் மேல், பட்டுப்புடவையோடு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறாவதுக்கு மட்டும் மன்னிச்சுக்கம்மா" என்றேன் நான். "ஒரு பக்கம்தான் முடிஞ்சுது. கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர் போட்டு அதையும்—"

"மாமா."

"சொல்லும்மா."

"அதைத் தொடாதீங்க."

அந்தக் குரலை அதற்கு முன்னால் அவளிடம் கேட்டதில்லை. சின்னதாக, காய்ந்துபோய் இருந்தது.

"பூச்சு உள்ளே இருக்குல்ல?"

"பூச்சுதான் மாமா கருப்பு."

எனக்குத் தோசைக்கல் ஞாபகம் வந்தது. அன்று காலையில்தான், அத்தனை வருஷம் கழித்து, அது முழுசாக ஞாபகம் வந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஆறாவது தகட்டை மட்டும் இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டாள். "நீங்க வர வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். தனத்துக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

"தோசைக்கல்லா?" என்றாள் தனம். ஒரே வார்த்தை. அவளுக்கு முழுக் கதையும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

வர வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குப் போகாமல் இருக்க என்னால் முடியுமா? ஒன்றரை மணிக்கெல்லாம் கல்லூரியில் இருந்தேன். அந்தத் தேர்வை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாமாம். தெரிந்திருந்தால் ஊரையே கூட்டிவந்திருப்பேன், நல்லவேளை தெரியவில்லை. மிச்ச ஐந்து தகடுகளையும் டிபன் டப்பாவோடு கொண்டுபோயிருந்தேன். பளபளவென்று முடித்த வேலையைப் பட்டறையில் போட்டுவிட்டு வர மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வராந்தாவில் பெஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து நான்கு போல்ட்டையும் முடுக்கினேன். பக்கத்து பெஞ்சையும் முடுக்கினேன். நோட்டீஸ் போர்டு கீலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது உள்ளே கூப்பிட்டார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். புவனாவின் வழிகாட்டிப் பேராசிரியை, வெள்ளை முடி, கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். சென்னைக்காரர் ஒல்லியான மனுஷர். வைத்த சமோசாவைத் தொடவில்லை. சமோசாவைத் தொடாத ஆளிடம் கருணை எதிர்பார்க்க முடியாது.

"இன்னிக்குக் காலையில என்னோட தகடுகள் வீணாயிடுச்சு சார்" என்று புவனா நிமிர்ந்து நின்று சொன்னாள். "ஒரு தகட்டுல ஒரு பக்கம் மட்டும் மிச்சம்." யார் செய்தது என்று அவள் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதில் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்திருந்த நாற்காலி குத்தியிருக்காது.

அவர் தலையாட்டிக்கொண்டு ஆய்வேட்டைப் புரட்டினார்.

"அதை அப்புறம் பார்ப்போம். முதல்ல என் கேள்வி. வேலை செய்யறது பூச்சுதான்னு எப்படிச் சொல்றீங்க? கீழே இருக்கற இரும்பு செஞ்சா?"

"வெறும் தகட்டையும் போட்டுப் பார்த்தேன் சார். ஒண்ணும் நடக்கலை."

"அது புதுத் தகடும்மா. உங்க தகடு எத்தனை தடவை சூளையில வெந்துருக்கு? வெந்த இரும்புக்கே ஒரு குணம் வந்துருக்கலாமே. அதே தகட்டுல பூச்சை மட்டும் எடுத்துட்டுப் போட்டுப் பார்த்தீங்களா?"

பேராசிரியையின் பேனா நின்றது. புவனா வாயைத் திறந்தாள். "இல்லை சார். நல்லா வந்த பூச்சை யாரும் வேணும்னு எடுக்க—"

நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். நான் அப்போது வேட்டி நுனியால் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அந்த அஞ்சும் கொண்டுவந்தீங்களா?"

எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. (அதன் கால் முன்பே ஆடிக்கொண்டிருந்தது. அதை முடுக்க நேரமில்லை.)

எல்லோரும் சோதனைக்கூடத்துக்குப் போனோம். தகட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் சென்னைக்காரர்.

"மூலையில கூட மிச்சமில்லை. யார் எடுத்தது?"

"நான்தாங்க."

"எதுல?"

"பஞ்சு வீலுங்க. பச்சை சோப்பு."

"அந்தப் பச்சையும் ஒரு உலோக ஆக்ஸைடுதான் சார். நல்லாக் கழுவித் தரேன்" என்றாள் புவனா. அவர் திருப்தியாகத் தலையசைத்தார். நான் நாற்பது வருஷமாக ஆக்ஸைடு தேய்த்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஸ்பிரிட்டில் கழுவி, ஒரு பளபளத் தகட்டை என் சூளைக்குழாயில் வைத்தாள். சூடு ஏற முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் என் கைக்கு வேலை கொடுக்காமல் நான் பட்ட பாடு இருக்கிறதே, நின்றேன், உட்கார்ந்தேன், ஜன்னல் கொக்கியை எண்ணினேன், ஒரு குழாய்த் திருகு கொஞ்சம் லூஸாகத் தெரிந்தது, கை நீட்டினேன். பேராசிரியை "சார்!" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு கை கட்டி நின்றது அன்றுதான்.

வாயுவைத் திறந்தார்கள். மீட்டரில் சிவப்பு எண் அசையவில்லை. சூடு இன்னும் ஏறியது. அசையவில்லை. உள்ளே போன விஷம் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. வெந்த இரும்பு, ஒன்றும் செய்யாத இரும்பு.

பிறகு ஆறாவது தகடு. ஒரு பக்கம் என் மீசை தெரியும், மறுபக்கம் கரி. மறுபடி முக்கால் மணி நேரம். புவனா மீட்டரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண் இறங்கியது. முதலில் மெதுவாக. அப்புறம் கிணற்றில் வாளி இறங்குவது மாதிரி. ஓரிடத்தில் நின்றது. சென்னைக்காரர் ஆய்வேட்டைத் திறந்து முழுத்தகட்டின் கணக்கைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.

"கிட்டத்தட்ட சரிபாதி" என்றார். "பாதிப் பூச்சு, பாதி வேலை. பூச்சே இல்லை, வேலையே இல்லை. இதைவிட எனக்கு வேற பதில் வேணாம்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புவனா அப்போதுதான் அழுதாள். அந்த மனுஷர் சமோசாவைக் கேட்டார்.

பரிந்துரை அன்றே கையெழுத்தானது. வேலையிலும் மாதக் கடைசிக்குள் சேர்ந்தாள். ஆனாலும் நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. "அத்தை, மாமாவுக்குக் காபி ஆறுதுன்னு சொல்லுங்க" என்று என் எதிரில் நின்றே தனத்திடம் சொல்வாள். ஐந்தாம் நாள் நேராகச் சொன்னாள்: "மாமா, பட்டம் வந்தது வேற. நீங்க பண்ணினது வேற. மூணு வாரம் மறுபடி முக்கி மறுபடி வேகவெச்சேன். போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." கேட்டிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து பட்டறையில் இரண்டாவது சட்டம் போட்டிருக்கிறேன்: கருப்பை எடுக்குமுன் கேள். அந்தோணி அதைப் பெயின்டில் எழுதி, பாலிஷ் வீலுக்கு மேலேயே மாட்டிவிட்டான். எனக்குத்தான் மாட்டினான் என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சரி. என் வழக்கு வேறு. அச்சடித்த ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தை என் மகன் ஊருக்கு வந்தபோது படித்துக்காட்டினான். பேராசிரியைக்கு நன்றி, அம்மா அப்பாவுக்கு நன்றி, கணவருக்கு நன்றி, அத்தையின் சமையலுக்கு நன்றி, கடைசியில், "அன்று காலை ஒன்பது மணிக்குச் சரியாக நின்ற மின்சாரத்துக்கு நன்றி." வீடே சிரித்தது. இன்றைக்கும் ஸ்ரீரங்கத்தில் கரண்ட் போனால் போதும், தனம் இருட்டிலேயே இரண்டு கையையும் கூப்பி, "புவனா, எங்கேயோ யாரோ டாக்டர் ஆயிட்டாங்க" என்பாள். உடனே தோசைக்கல்லை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டுவாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையிலும் அந்தச் சோதனை வருகிறது. தகட்டிலிருந்து பூச்சு நீங்கியது என்று ஒரு வரி. தானாக உதிர்ந்த மாதிரி!

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். கணக்கு மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். குழாய் நான் செய்தது. சட்டம் நான் செய்தது. ஆறு தகடு, தகட்டுக்கு இரண்டு பக்கம், ஆக மொத்தம் பன்னிரண்டு பக்கம். கரண்ட் காப்பாற்றியது ஒரே ஒரு பக்கத்தை. மிச்சம் பதினொன்றையும் மூலை விடாமல் எடுத்தவன் நான். ஒன்றுக்கு நன்றி சொன்னவர்கள் பதினொன்றுக்குச் சொல்ல வேண்டாமா? அடுத்த பதிப்பில் என் பெயர் வர வேண்டும். இனிஷியலோடு. கரண்டுக்கு மேலே.